ஒருவரும் வெங்காயம் வெட்டாத வகுப்பு

ஞானேஸ்வரியின் முதல் சமையல் வகுப்பில் ஒருவரும் ஒரு வெங்காயத்தைக்கூட வெட்டவில்லை.

வந்தவர்கள் எட்டுப் பேர், எல்லாரும் சுவிஸ்காரர். ஆளுக்கொரு ஏப்ரன் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹெர் ட்ஸ்விக்கி, ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர், சொந்தமாக ஒரு மின் தராசும் கொண்டுவந்திருந்தார். ஞானேஸ்வரி எட்டு ஏப்ரன்களையும் மரியாதையாக வாங்கி, மடித்து, சவர்க்காரம் அடுக்கிய தட்டின்மேல் வைத்துவிட்டு, "இருங்கோ, இருங்கோ" என்று எல்லாரையும் மேசையில் இருத்தினாள். சமையல் அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கே முடிந்துவிட்டிருந்தது.

இது 2014 ஒக்ரோபரில், ஓர்லிகோன் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், அவள் புருஷன் குகதாசனின் பலசரக்குக் கடையில் நடந்தது. முருங்கைக்காய், கருவாடு, கோயில் திருவிழா நோட்டீஸ், ஊருக்குக் கதைக்கிற தொலைபேசி அட்டை என்று எல்லாம் கிடைக்கிற கடை அது. பின்னறையில் நான்கு இரட்டை அடுப்புகள் உண்டு. ரோல்ஸும் பற்றிஸும் அங்கேதான் பொரிப்பார்கள். இரண்டு மூன்று வருடமாகச் சுவிஸ்காரரும் வரத் தொடங்கியிருந்தார்கள். மஞ்சள்தூள் பைக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு "இதை என்ன செய்வது?" என்று கேட்பார்கள். குகதாசன் அதற்கு அரை மணித்தியாலம் பதில் சொல்லுவார். பின்னால் கத்தரிக்காயோடு நிற்கும் தமிழ்ச் சனம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

மகள் யாதவி இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். வணிகம் படித்தவள்.

"அப்பா, இதையெல்லாம் சும்மா சொல்லிக் குடுக்கிறியள். ஒரு கூர்ஸ் வைப்பம்" என்றாள். சொன்ன கிழமையே துண்டுப்பிரசுரமும் அடித்துவிட்டாள். அதில் பெரிய எழுத்தில் 'இந்தியச் சமையல் வகுப்பு' என்று ஜெர்மனில் இருந்தது.

"நாங்கள் எப்பயடி இந்தியாவுக்குப் போனம்?" என்று குகதாசன் கேட்டார்.

"அவை இந்தியன் எண்டுதான் தேடுகினம் அப்பா. யாழ்ப்பாணம் எண்டு போட்டால் ஏதோ யோகாசனம் எண்டு நினைப்பினம்."

குகதாசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். படிப்பிக்கத் தன்னைத்தான் கேட்பார்கள் என்று அவருக்கு நினைப்பு. டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர் என்பது ஓர்லிகோன் முழுவதும் தெரிந்த விஷயம். அதில் பதினொரு வருடம் கோப்பை கழுவியவர் என்பது ஞானேஸ்வரிக்கு மட்டும் தெரிந்த விஷயம். குடும்பம் குலையக் கூடாதென்று அவள் அதை வெளியில் விட்டதில்லை. நல்லவேளை, யாதவி நேரே தாயைத்தான் பார்த்தாள். ஞானேஸ்வரி உடனே ஓம் என்றாள். அவளுக்கு ஒரு காரணம் இருந்தது.

பத்தொன்பது வருடமாக அவள் காலை ஐந்து மணிக்கு ஒரு காப்புறுதி அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். நான்கு மாடி, அறுபத்திரண்டு மேசை. இப்போது வலது முழங்கால் படி துடைத்து ஏறும்போது வாய்விட்டுக் கத்தத் தொடங்கிவிட்டது. கத்தியது முழங்கால்தான், ஞானேஸ்வரி வாய் திறக்கவில்லை. வகுப்பு சரிவந்தால் அந்த வேலையை விட்டுவிடலாம். யாதவி வேலை விலகல் கடிதத்தை எழுதி, தாயிடம் கையெழுத்தும் வாங்கி, முத்திரை ஒட்டி, கல்லாப்பெட்டிக்கு மேலேயிருக்கும் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தாள்.

"மூண்டு சனிக்கிழமை நடத்திப் பாப்பம். கடைசி வகுப்புக்குப் பிறகு ஆறு பேராவது குளிர்கால வகுப்புக்குப் பேர் குடுத்தால் கடிதத்தைப் போடுங்கோ. குறைஞ்சால் போடாதேங்கோ அம்மா. கடையை மட்டும் நம்பி இருக்கேலாது."

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் கற்பூரம் காட்டும்போது அவள் பிள்ளையாரைப் பார்த்தாளா, கடிதத்தைப் பார்த்தாளா என்பது அந்தப் பிள்ளையாருக்கே வெளிச்சம்.

துண்டுப்பிரசுரத்தை யாதவி ஊரெல்லாம் ஒட்டினாள். ஞானேஸ்வரி ஒன்றே ஒன்றை எடுத்துப் போய், மூன்றாம் மாடியில் ஒரு மேசையில் வைத்தாள். அது பெரிய பிழை. துப்புரவு செய்கிறவர்கள் மேசையில் ஒரு கடதாசிகூட வைக்கக் கூடாது, எடுக்கவும் கூடாது. ஆனால் அந்த மேசைக்காரி மேல் அவளுக்குப் பதினொரு வருட இரக்கம். பெயர்ப்பலகையில் 'ஊர்சுலா ஏப்லி' என்றிருக்கும். பக்கத்தில் ஒரு கொழுத்த பூனையின் படம். ஆளை அவள் கண்டதே இல்லை. ஏப்லி வருவதற்குள் அவள் வேலை முடித்துப் போய்விடுவாள். கண்டதெல்லாம் துகள்தான். மரத்தூள் போல உதிரும் காய்ந்த ரொட்டித் துகள், கீபோர்ட் இடுக்கிலெல்லாம் இருக்கும். ஒரு மனிசி பதினொரு வருடமாக மத்தியானம் இதைத்தான் தின்கிறாள் என்று நினைக்க ஞானேஸ்வரிக்கு வயிறு எரியும்.

முதல் சனிக்கிழமை, கோட்டு முழுவதும் பூனை மயிரோடு ஓர் உயரமான பெண் கடைக்குள் வந்து, "என் பெயர் ஏப்லி" என்றார். பிரசுரத்தை யார் வைத்தது என்று விசாரித்தால் வேலைக்கே உலை. கடிதம் போடாமலே வேலை போய்விடும். அவள் ஒன்றும் தெரியாத மாதிரிச் சிரித்து, ஏப்லியின் தட்டில் மற்றவர்களைவிட இரண்டு வடை கூட வைத்தாள்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கோழிக்கறி, சொதி, சம்பல், அப்பளம், வடை, பாயாசம். எட்டுப் பேரும் இது வகுப்புக்கு முந்திய உபசாரம் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். எவர் தட்டிலாவது பீங்கானின் வெள்ளை தெரிந்தால் ஞானேஸ்வரி கரண்டியோடு பாய்ந்தாள். எழும்பப் பார்த்தவர்களை "இருங்கோ" என்று அமுக்கினாள். பன்னிரண்டரைக்கு ஹெர் ட்ஸ்விக்கி தராசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்போது சமைக்கத் தொடங்குவோம் என்று கேட்டார்.

"முடிந்தது" என்றாள் ஞானேஸ்வரி பெருமையோடு.

இரண்டு பேர் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டிருந்தார்கள். யாதவி நீட்டிய கருத்துத்தாளில் உணவுக்கு எல்லோரும் ஆறு போட்டிருந்தார்கள். சுவிஸ் பள்ளிக்கூடத்தில் ஆறுக்கு மேல் புள்ளி கிடையாது. 'என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்ற இடத்தில் ஐந்து பேர் கோடு கீறியிருந்தார்கள். இரண்டு பேர் வெறுமனே விட்டிருந்தார்கள். ட்ஸ்விக்கி மட்டும் நேர்மையாக, "இடுப்புப் பட்டியை மேசைக்குக் கீழே தளர்த்துவதற்கு" என்று எழுதியிருந்தார்.

"அம்மா, அவை சமைக்க வந்தவை" என்றாள் யாதவி, எல்லாரும் போன பிறகு.

"தெரியும்."

"பிறகு?"

"வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு வெங்காயத்தைக் குடுத்து உரியுங்கோ எண்டு சொல்லுறதோ? ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்?"

"இது வீடில்லை. கடை. அவை காசு கட்டி அழ வந்தவை அம்மா. வெங்காயத்தால அழ விடுங்கோ."

குகதாசன் இதுதான் சமயம் என்று, "டாவோஸில நாங்கள்..." என்று தொடங்கினார். ஞானேஸ்வரி ஒரு பார்வை பார்த்தாள். அவர் கருவாட்டை அடுக்கப் போய்விட்டார்.

இரண்டாம் சனிக்கிழமை ஆறு பேர்தான் வந்தார்கள். யாதவி பின்னறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எட்டு வெங்காயமும் வெட்டப்படாமல் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். ஆறு பேரும் ஏப்ரனைக் கட்டினார்கள். ஆளுக்கொரு சின்னச் சட்டியில் கோழிக்கறி வைத்தார்கள். ஞானேஸ்வரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். அவளால் பார்க்க முடியவில்லை. ஹெர் ட்ஸ்விக்கி நான்கு கிராம் தூளை நிறுத்துப் போட்டுவிட்டு, வெங்காயம் பச்சையாகக் கிடக்கும்போதே தண்ணீரைக் கவிழ்த்தார். ஏப்லியின் சட்டியில் கோழி வெள்ளைத் துணி போல மிதந்தது.

ஆனால் ஞானேஸ்வரி சும்மா வரவில்லை. எட்டுப் பேர் வருவார்களென்று, வீட்டிலேயே வைத்த கோழிக்கறியை எட்டுச் சின்னச் சட்டிகளில் பிரித்து, அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். யாதவியைக் கல்லாவுக்கு யாரோ கூப்பிட்ட நேரம், அவள் குகதாசனுக்குக் கண் காட்டினாள்.

குகதாசன் வாழ்க்கையில் ஒருமுறையாவது அவருடைய வாய் வீட்டுக்கு உபயோகப்பட்டது என்றால் அது அன்றைக்குத்தான். "வாருங்கள், ஏலக்காய் பற்றிச் சொல்கிறேன்" என்று ஆறு பேரையும் கடை முன்பக்கம் அழைத்துப்போய் இருபத்தைந்து நிமிடம் நிறுத்தி வைத்தார். அவர்கள் களைத்துத் திரும்பி வரும்போது ஆறு சட்டியிலும் கறி செக்கச்செவேலென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஹெர் ட்ஸ்விக்கி ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை நானா செய்தேன்?"

"ஓம்" என்றாள் ஞானேஸ்வரி. இதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு துளி வெட்கமும் வரவில்லை. பசியோடு வந்தவரை நல்ல கறியோடு அனுப்பினேன், இதில் என்ன குற்றம் என்பதுதான் அவள் கட்சி. மாற்றி எடுத்த ஆறு கறியையும் கொட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. குகதாசன் வியாழக்கிழமை வரை ஹெர் ட்ஸ்விக்கியின் கறியைச் சாப்பிட்டார்.

மூன்றாம் சனிக்கிழமைக்கு முதல்நாள் காலை, இரண்டாம் மாடிப் படியில் முழங்கால் அவளைக் கைவிட்டுவிட்டது. டொக்டர் கட்டுப் போட்டு, மூன்று நாளைக்கு நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அன்றைக்கு ஒளித்து வைக்க ஒரு சட்டியும் இல்லை. பின்னறையில் ஒரு கதிரையில் அவளை இருத்தி, காலைச் சிவப்பரிசிச் சாக்கின்மேல் தூக்கி வைத்தார்கள்.

ஆறு பேரும் வந்தார்கள். ஆறு பேர் கையிலும் ஆறு பிளாஸ்டிக் பெட்டி. மேசையில் வரிசையாக வைத்துத் திறந்தார்கள். வீட்டில் அவர்களாக வைத்த கோழிக்கறி. ஒன்று சாம்பல் நிறம், ஒன்று பச்சை, ஒன்றின் நிறத்தை நல்ல தமிழில் சொல்ல முடியாது. ஹெர் ட்ஸ்விக்கி குறிப்பெழுதிய கொப்பியைத் திறந்தார்.

"மூன்று தரம் செய்தேன். எல்லாம் அதே நிறை. அதே நிமிடம். இந்தக் கறி மட்டும் அந்தக் கறி இல்லை. எங்கே பிழைவிட்டேன்?"

யாதவி தாயைப் பார்த்தாள். தாய் அரிசிச் சாக்கைப் பார்த்தாள். குகதாசன் மெல்ல முன்பக்கம் நழுவினார். அன்றைக்குப் பேர் கொடுக்கிற தாள் கல்லாவில் காத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. ஆனால் அந்த மனுஷன் ஒரு கிழமையாகத் தன்மேல் பிழை தேடிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்க்க ஞானேஸ்வரிக்குத் தாங்கவில்லை.

"நீங்கள் பிழை விடவில்லை" என்றாள் தன் ஜெர்மனில். "அது உங்கள் கறி இல்லை. என் கறி. நான் சட்டியை மாற்றினேன்."

ஆறு பேரும் ஆறு பெட்டிகளையும் பார்த்தார்கள். பிறகு ஹெர் ட்ஸ்விக்கி, ஏன் என்று கேட்டார்.

"நீங்கள் வந்த ஆட்கள். வந்த ஆட்களுக்குக் கூடாத கறி கொடுத்து எனக்குப் பழக்கமில்லை."

ட்ஸ்விக்கி யோசித்தார். "முப்பத்துநான்கு வருடம் புது ஓட்டுநர்களைப் பழக்கினேன். கைப்பிடியை நானே பிடித்திருந்தால் அவர்கள் ஓட்டுநர் இல்லை, பயணிகள்" என்றார். கோபம் இருந்ததோ இல்லையோ, கொப்பியை மூடி வைத்துவிட்டு வெங்காயத்தைக் கையில் எடுத்தார்.

அன்றைக்குத்தான் வகுப்பு நடந்தது. ஞானேஸ்வரியின் ஜெர்மன் முழுவதும் துப்புரவு வேலையில் கற்றது. துடை, ஈரம், கவனம் வழுக்கும், மூலையை மறக்காதே. அதை வைத்தே படிப்பித்தாள். "சட்டியின் மூலையை மறக்காதே" என்றால் அடிப்பிடிக்காமல் கிளறு என்று அவர்களே விளங்கிக்கொண்டார்கள். தராசை ஒரு பையில் போட்டு யாதவி எடுத்துக்கொண்டு போனாள். "எத்தனை கிராம்?" என்று கேட்டவர்களுக்கு ஞானேஸ்வரி, "மணக்குது இல்லையா? அவ்வளவு" என்றாள். கடுகு வெடித்து ஒருவரின் நெற்றியில் பட்டது. பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. நாற்பது வருடப் பழக்கத்தில் அவள் உடம்பு தானாகவே எழும்பியது.

தோளில் ஒரு கை விழுந்தது. ஏப்லி.

"இருங்கோ" என்றார் ஏப்லி, தமிழில். முதல் வகுப்பில் எட்டுப் பேரும் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அந்தச் சொல்தான் போலிருக்கிறது. ஞானேஸ்வரி திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

கறியும் பருப்பும் வந்தன. நல்லது என்று சொல்ல முடியாது. ஆனால் கறிதான், பருப்புதான். சாப்பிட்டு முடிய ஒவ்வொருவராகக் கல்லாவுக்குப் போய்த் தாளில் பேர் எழுதினார்கள். யாதவி உள்ளே எட்டிப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினாள். மிச்சம் ஏப்லி ஒருவர். அவர் மட்டும் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரங்களைக் கழுவி, ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வட்டம் வட்டமாகத் துடைத்தார். ஞானேஸ்வரிக்குக் கை பரபரத்தது. நாக்கைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அப்படி இல்லை. கரையிலிருந்து கரைக்கு. பிறகு துணியைத் திருப்பி, மூலை."

ஏப்லி அப்படியே செய்து பார்த்துச் சிரித்தார். "இதை எங்கே கற்றீர்கள்?"

வீட்டில் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய், ஒரு கையெழுத்து, ஆறு பேர். ஆனால் ஒரு நாளில் ஒரு பொய்யைத் திருப்பி எடுத்தவளுக்கு அதே நாளில் இன்னொன்றைச் சொல்ல வாய் வரவில்லை.

"உங்கள் மேசையில்" என்றாள். "மூன்றாம் மாடி. பூனைப் படம். பதினொரு வருடம் காலையில் நான்தான். அந்தக் கடதாசியை வைத்ததும் நான்தான்."

ஏப்லியின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. துணியை மடித்து வைத்தார். கோட்டை எடுத்தார். தாளில் பேர் எழுதாமலே கடையைவிட்டுப் போய்விட்டார்.

"ஐஞ்சு" என்றாள் யாதவி சின்னக் குரலில். பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்த கடிதத்தை ஒருவரும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞானேஸ்வரி கட்டிலைவிட்டு எழும்பவில்லை. குகதாசன் தானே எழும்பிப் பாத்திரம் கழுவினார். அதில் அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர்.

திங்கட்கிழமை வேண்டாம் என்று யாதவி மறித்தாள். "மூண்டு நாள் முடிஞ்சுது. வேலை போறதெண்டால் நான் நிண்டு பாக்கப் போகட்டும்" என்று ஞானேஸ்வரி கட்டோடு போனாள். மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் ஏறினாள். ஏப்லியின் மேசையைக் கடைசியாகத்தான் செய்வதென்று மற்ற மேசைகளையெல்லாம் முடித்துக்கொண்டு, ஏழு மணிக்கு அங்கே வந்தாள்.

மேசையில் வழக்கமான துகள் இருந்தது. அதன் நடுவில் ஒரு தெர்மோஸ் டப்பா, ஒரு கரண்டி, அவள் வைத்த அதே துண்டுப்பிரசுரம். மனுஷி ஞாயிற்றுக்கிழமை இரவு இதற்கென்றே வந்து போயிருக்க வேண்டும். பிரசுரத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை ஞானேஸ்வரி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

'சனிக்கிழமை எனக்கு வெட்கமாகிவிட்டது. பதினொரு வருடத்துத் துகள்கள். மன்னிக்கவும். குளிர்கால வகுப்பு: ஏப்லி, ஒரு ஆள். இது நான் வைத்த பருப்பு. என்ன குறை என்று எழுதவும்.' அதற்குக் கீழே, தனியாக, ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல். 'இருங்கோ.'

அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு பதினொரு வருடம் துடைத்த அந்தக் கதிரையில் முதல்முறையாக இருந்தாள். நல்ல மெத்தைக் கதிரை. டப்பாவைத் திறந்தாள்; பருப்பு இன்னும் மிதமான சூட்டில் இருந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்ததும் கண் நிறைந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் இந்தக் கட்டிடத்தில் ஒருவரும் அவளுக்கென்று ஒரு வாய் எடுத்து வைத்ததில்லை. அது ஒன்று. மற்றது, அதில் உப்பே இல்லை.

இருந்தாலும் ஒரு பருப்பு மிச்சம் விடாமல் வழித்துச் சாப்பிட்டாள். ஏப்லியின் பேனாவை எடுத்து, பிரசுரத்தில் 'உப்பு' என்று ஜெர்மனில் எழுதினாள். யாதவிக்கு அழைத்து, "பிள்ளை, ஆறு. கடிதத்தைப் போடு" என்றாள். எழும்பி, டப்பாவை மூடி, பழக்கதோஷத்தில் துணியை எடுத்துத் துகளை நோக்கிக் கை நீட்டியவள் நின்றாள்.

சாப்பிட வந்த இடத்தில் ஆராவது மேசை துடைப்பார்களோ? துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த மேசையை அப்படியே விட்டுவிட்டு, ஞானேஸ்வரி லிஃப்டுக்கு நடந்தாள்.